மறு: ‘ஹீலியகல் ரைசிங்’ தமிழில் என்ன? விடிமுளைப்பு?

அன்பின் குழுமத்தாருக்கு,

> ‘சூரியசார் உதயம்’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

எனக்குப் புரியவில்லை ஐயா. உதயம் தினமும் நடப்பது. நமக்குப் பெயர் வேண்டியது ஆண்டுக்கு ஒரே ஒரு நாளுக்கு. ஒரு விண்மீன் சில வாரங்கள் பகலில் மட்டுமே மேலே இருப்பதால் கண்ணில் படாமல் போகிறது. நாளுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் முந்தி முந்தி உதித்து, ஒரு நாள் விடிவதற்குச் சற்று முன் அடிவானில் தலைகாட்டிவிட்டு வெளிச்சத்தில் கரைகிறது. அந்த முதல் நாள்தான் ‘ஹீலியகல் ரைசிங்’. சூரியனைச் ‘சார்ந்து’ எதுவும் உதிக்கவில்லை.

என் பரிந்துரை விடிமுளைப்பு.

எங்கள் திருவொற்றியூர்க் கரையில் “வெள்ளி மொளச்சிடுச்சி, கெளம்பு” என்றுதான் பேச்சு. உதித்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விடிவெள்ளியில் இருக்கிற ‘விடி’யை அந்த முளைப்போடு சேர்த்தேன், அவ்வளவுதான்.

அகத்தியர் என்கிற விண்மீனை வைத்துச் சோதித்தும் பார்த்தேன். கனோபஸ் என்று கிரேக்கர் சொன்ன அதே மீன்; சிரியசுக்கு அடுத்த பிரகாசம், 310 ஒளியாண்டு தொலைவு. பரிபாடலின் 11ஆம் பாடல் பொதிய மலை முனிவன் என்கிறது. சீனருக்குத் தென்முனைக் கிழவர், நீண்ட ஆயுள் தருபவர். அரபியில் சுஹைல். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், சுஹைல் வந்தால் வெயில் இறங்கத் தொடங்கும் என்று அங்கே கணக்கு. இப்போது வாக்கியம்: “அரபு நாட்டில் சுஹைலின் விடிமுளைப்பு ஆகஸ்ட் 24 வாக்கில், தெற்கே இருக்கிற நமக்கு அதற்கும் முன்பே.” உறுத்தவில்லையே?

போன ஆகஸ்ட் நடுவில் காலை ஐந்து மணிக்குக் கடலரிப்புக்குப் போட்ட கற்கள்மேல் உட்கார்ந்து தென்கிழக்கே பார்த்தேன். வரிசையாக விளக்குகள், எல்லாம் நங்கூரமிட்ட கப்பல்கள் என்றே நினைத்தேன். அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. அதற்கு ‘சூரியசார் உதயம்’ என்று பெயர் சொல்ல வாய் வரவில்லை.

> ‘முளைப்பு’ விதைக்கு உரியதல்லவா?

கோளுக்கும் மீனுக்கும் அது பழகிய வினைதான். முன்னால் ‘விடி’ நிற்கும்போது யாரும் பச்சைப்பயறை நினைக்க மாட்டார்கள்.

> ஆண்டாளின் ‘வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று’ இருக்க, எழல் / உறங்கல் என்றே வைக்கலாமே.

அழகான ஜோடி, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வியாழம் விடியற்காலையில் மேற்கே சாய்கிறது. நமக்கு எதிர்ச்சொல் வேண்டியது மாலையில் கடைசியாகக் கண்ணில் படும் நாளுக்கு. இரண்டுக்கும் ‘உறங்கல்’ என்றால் மாணவர் குழம்புவார்.

அதற்கு இப்போதைக்கு ‘அந்திமறைவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். திருப்தி இல்லை, அன்றாட மறைவு போலவே காதில் விழுகிறது. நாகை, தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்கள், உங்கள் கரையில் இதற்கு ஏதாவது சொல் புழங்குகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.