புது டர்போவும் பழைய ஆயில் கசடும்: வீட்டில் செய்தவர்கள் எழுதுகிறார்கள்

கரிப்புகை:

டர்போ (வெளியேறும் புகையின் விசையில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உடைந்த டீசல் என்ஜினுக்கு வீட்டிலேயே புது டர்போ மாற்றினேன். கழற்றுவதையும் மாட்டுவதையும் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். ஆயில் என்று வரும்போது மட்டும் “புது ஆயில் ஊற்றவும்” என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். என் வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிக்குத்தான் போயிற்று. அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சிறிய டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருப்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி. அதில் நிற்கும் ஆயில் படலத்தின் மீதுதான் தண்டு மிதக்கிறது. பழைய டர்போ உதிர்த்த உலோகத் துகள்கள் எல்லாம் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சேம்பருக்குப் போயிருக்கும். பம்ப் அவற்றை மறுபடியும் மேலே அனுப்பும். ஃபில்டர் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, பைபாஸ் வால்வு திறந்து ஆயில் வடிகட்டப்படாமலே போய்விடும்.

பழைய ஆயிலில் கலந்து கசடைக் கரைத்து எடுக்கும் ஃப்ளஷ் திரவத்தை நான் தொடவே இல்லை. அதை ஊற்றினால் என்ஜினை ஓடவிட வேண்டும். டர்போ உடைந்த டீசல் என்ஜினை ஓடவிடுவது விபரீதம். சீல் போன வழியாக ஆயில் காற்றுப் பாதைக்குள் நுழைந்தால், என்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஆகவே எல்லாவற்றையும் கையால்தான் சுத்தம் செய்தேன்.

முதலில் பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்தேன். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். மடிப்புகளுக்குள் மஞ்சளாக மினுங்கும் செதில்கள் இருந்தன. காந்தம் வைத்தால் ஒட்டவில்லை. பித்தளை, வெண்கலம் போன்ற பேரிங் உலோகம் ஒட்டாது. அதைக் கண்ட பிறகு ஆயில் சேம்பரைக் கழற்றாமல் இருக்க மனம் வரவில்லை. கழற்றினால், பம்ப் உறிஞ்சும் குழாயின் சல்லடையில் பாதியைத் தார் போன்ற கரி மூடியிருந்தது. பழைய டர்போ ஏன் செத்தது என்பதற்கு அதுவே பதில். புதியதையும் அப்படியே மாட்டியிருந்தால் அதற்கும் அதே கதிதான்.

டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய் வெளியே பளபளவென்று இருந்தது. ஒரு முனையில் வெளிச்சம் காட்டி மறுமுனையில் பார்த்தால் ஊசித் துளை அளவுதான் வழி. வெளியேற்று வாயுவின் சூட்டுக்குப் பக்கத்திலேயே போகும் குழாய். உள்ளே ஆயில் கருகி ஒட்டிக்கொள்கிறது. இதைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒட்டியிருக்கும் கரி இன்று வராது. சூடேறிய பிறகு ஒரு நாள் பெயர்ந்து நேராகப் புது பேரிங்குக்குள் போகும். குழாய், அதை இணைக்கும் உள்துளை கொண்ட பேஞ்சோ போல்ட், வாஷர்கள் எல்லாம் புதிதாகவே போட்டேன். சில என்ஜின்களில் அந்த போல்ட்டுக்குள் சிறிய வலை வடிகட்டி இருக்கும், அதையும் பாருங்கள். ஆயில் கூலருக்குள் சிக்கிய துகளைக் கழுவி எடுத்துவிட்டோம் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை, எனவே அதையும் மாற்றினேன். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் மறக்காமல் வடித்துவிடுங்கள்.

நாலு சிலிண்டர்:

என் கதை வேறு. டர்போ இல்லாமல் வந்த பெட்ரோல் என்ஜினுக்குப் புதிதாக டர்போ சேர்த்தேன். என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் ஃப்ளஷ் திரவம் போட முடிந்தது. டர்போவைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட்டேன்.

திரவத்தைப் பழைய ஆயிலில் ஊற்றி, பாட்டிலில் போட்டிருந்த நேரம் வரை ஐட்லிங்கில் மட்டும் ஓடவிட்டேன். ஆக்சிலரேட்டரைத் தொடவில்லை, வண்டியை நகர்த்தவும் இல்லை. அந்தத் திரவம் ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். சுமை கொடுத்தால் பேரிங் தாங்காது. முழுக்க வடித்து, புது ஃபில்டர் போட்டு, சரியான கிரேடில் விலை குறைந்த ஆயில் ஊற்றிச் சிறிது ஓட்டி, அதையும் வடித்தேன். இந்த இரண்டாவது வடிப்பு வீண் என்று சிலர் சொல்வார்கள். வந்த ஆயிலின் நிறத்தைப் பார்த்திருந்தால் சொல்லமாட்டார்கள்.

டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வர ஆயில் சேம்பரில் துளை போட வேண்டும். துரப்பண முனையில் கிரீஸ் தடவினால் துருவல் அதில் ஒட்டிக்கொள்ளும், சேம்பரைக் கழற்ற வேண்டியதில்லை என்று ஒரு யோசனை உலவுகிறது. கரிப்புகை எழுதியதைப் படித்த பிறகும் அதை நம்புகிறவர் நம்பட்டும். நான் கழற்றித்தான் துளை போட்டேன். துளை, ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். திரும்பும் குழாயில் அழுத்தம் கிடையாது, ஆயில் தன் எடையால் இறங்குகிறது; குழாய் எங்கும் மேலே ஏறாமல், மடங்காமல் வர வேண்டும். இல்லையென்றால் டர்போவுக்குள் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி, நீலப் புகையாக வெளியே வரும். புது டர்போ மோசம் என்று திட்டப்படும் வண்டிகளில் பலவற்றுக்கு நோய் இந்தக் குழாயில்தான்.

பழைய ஸ்பானர்:

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாமா என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அந்தக் காலத்தில் செய்தோம், உண்மை. அந்தக் காலத்து என்ஜின்களில் டர்போ இல்லை. என்ஜின் ஆயிலிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி கிளம்ப, சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியசைத் தாண்ட வேண்டும். மண்ணெண்ணெய்க்கு 40 டிகிரியை ஒட்டினாலே போதும். பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம், உறைபனியிலும் ஆவி விடும்.

இன்னொன்று. ஜாக் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். ஓடி நின்ற உடனே டிரெயின் போல்ட்டைத் திறந்தால் 90 டிகிரி ஆயில் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வரும். வெதுவெதுப்பாக இருக்கும்போது திறந்தாலும் ஆயில் நன்றாகவே இறங்கும். கையுறை போடுங்கள், பழைய ஆயில் தோலில் ஊறுவது புற்றுநோய் அபாயம்.

புதுக்கை:

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, பாதுகாப்புக்கு இன்னொரு முறை ஃப்ளஷ் திரவம் ஊற்றலாமா?

கரிப்புகை:

கூடாது. நீர்த்த ஆயிலும், புதிதாகப் பெயரும் கசடும் நேரே புது டர்போவுக்குத்தான் போகும். சந்தேகம் இருந்தால், வழக்கமான இடைவெளிக்குக் காத்திராமல் சீக்கிரமே ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு நான் செய்தது இது. டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றித் தண்டைக் கையால் சுழற்றினேன். குழாய் இணைப்புகளில் சிலிகான் பசை தடவவில்லை. பிதுங்கி உள்ளே போகும் துணுக்கு வழியை அடைத்துவிடும். பிறகு டீசல் போகாதபடி இன்ஜெக்டர்களின் மின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, திரும்பும் குழாயின் கீழ் முனையை ஒரு பாத்திரத்தில் விட்டு, ஸ்டார்ட்டரை 10 வினாடி, சற்று இடைவெளி, மறுபடியும் 10 வினாடி என்று சுற்றினேன். பாத்திரத்தில் ஆயில் சீராக விழுந்த பிறகுதான் குழாயை மாட்டி, ஆயில் அளவு பார்த்து, என்ஜினை உயிர்ப்பித்தேன். சில நிமிடம் ஐட்லிங், அவ்வளவுதான். உறுமவிட்டுப் பார்க்கும் ஆசையை அன்றைக்கு அடக்கிக்கொள்ளுங்கள்.

புதுக்கை:

வடித்த ஆயிலை என்ன செய்தீர்கள்? ஃப்ளஷ் கலந்ததும் இருக்கிறதே.

நாலு சிலிண்டர்:

தனித்தனி கேன்களில் மூடி, பழைய ஆயில் சேகரிப்பவரிடம் கொடுத்தேன். எதில் ஃப்ளஷ் கலந்திருக்கிறது என்று கேன் மேலேயே எழுதிவிடுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம்.