அம்மா வைத்த பசு கிழக்கே பார்த்தது

அல்சூர்க்காரி:

பல்கலைக்கழக உளவியல் ஆய்வகத்துக்குப் போய்ச் சோதனையில் உட்கார்ந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள். முதலில் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா போன பிறகு பெங்களூருக்குக் கூட்டி வந்தோம். வந்த இரண்டாவது வாரமே கீரை வாங்கப் போனவர் வீடு திரும்ப மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. வழி கேட்ட இடத்தில் எல்லாம் ‘லெஃப்ட்ல போய் ரெண்டாவது ரைட்’ என்றிருக்கிறார்கள். ‘அது வடக்கயா, தெக்கயா?’ என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்று அம்மாவைக் கடுமையாகப் பேசிவிட்டேன். இனி தனியாக வெளியே போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

மகள் படிக்கும் இடத்தில் ஓர் ஆய்வுக்கு, கிராமத்தில் வளர்ந்த தமிழ் பேசும் பெரியவர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். நானும் அம்மாவும் போனோம். ஜன்னல் இல்லாத அறை. இரண்டு மேசைகள், நடுவில் ஒரு சுழல்நாற்காலி. ஓசூர்ப் பெண் ஒருத்தி ஒப்புதல் படிவத்தை அம்மாவுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினாள். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று இரண்டு தடவை சொன்னாள்.

மேசையில் பிளாஸ்டிக் பொம்மைகள் மூன்று: பசு, குதிரை, ஒரு காது உடைந்த பன்றி. வரிசையாக, எல்லாம் நம் வலது கைப் பக்கம் பார்த்தபடி. நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவற்றை எடுத்தாள். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தாள். அப்புறம் நாற்காலியை முழுக்கத் திருப்பி, பின்னால் இருந்த மேசையில் ‘அதே மாதிரி’ வைக்கச் சொன்னாள். நான் வலது கைப் பக்கம் பார்க்க வைத்தேன். அம்மா முறை வந்தது. மூன்றையும் இடது பக்கம் பார்க்க வைத்தார். தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன், அந்தப் பெண் கையமர்த்தினாள். ஐந்து தடவை வைக்கச் சொன்னாள், ஐந்து தடவையும் அம்மா அப்படித்தான் வைத்தார்.

முடிந்த பிறகு, ‘ஏன் பாட்டி இப்படி வெச்சீங்க?’ என்று கேட்டாள். அம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: ‘பசு கெழக்க பாத்துதானே நின்னுச்சு. நான் திரும்புனா அதுவும் திரும்பிருமா?’

ஜன்னலே இல்லாத அறையில் கிழக்கு எப்படித் தெரிந்தது? ரோட்டிலிருந்து தெற்கே பார்த்து உள்ளே வந்தது, படியில் ஒரு சுற்று, வராந்தாவில் மேற்கே நடந்தது என்று அத்தனையையும் வரிசையாகச் சொன்னார். அந்தப் பெண் போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தாள். அம்மா சொன்னது சரி.

பொம்மையை எப்படி வைப்பது என்பதில் சரி, தப்பு என்று எதுவுமே இல்லையாம். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் மதுரை வட்டாரத் தமிழர்களிடமே இதைச் செய்து பார்த்திருக்கிறார். நகரத்துக்காரர்கள் இடம், வலம் என்று பேசுகிறார்கள். கிராமத்தில் வடக்கு, தெற்கு. பொம்மைகளைத் திருப்பி வைப்பதும் பெரும்பாலும் அந்தப் பேச்சின்படியே இருந்திருக்கிறது. ஒரே மொழிக்குள் இப்படி இரண்டு வழக்கம். ‘அந்த வடக்குப் பக்க டப்பாவ எடு’ என்று அம்மா சமையலறையில் சொன்னபோதெல்லாம் நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சிவாஜிநகர் ஆட்டோ:

அக்கா, படிச்சதும் எங்க அப்பத்தா ஞாபகம் வந்துட்டுது. நானும் ஒரு ஆய்வகத்துக்குப் போயிருக்கிறேன். 22 வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவன் என்பதால் கூப்பிட்டார்கள். நிஜத்தில் இல்லாத ஓர் ஊரைக் கம்ப்யூட்டரில் காட்டி, அதில் வண்டியை ஓட்டச் சொன்னார்கள். பத்துப் பதினைந்து திருப்பம் போனதும் நிறுத்தி, ‘கிளம்பிய இடம் எந்தப் பக்கம், கையைக் காட்டுங்க’ என்றார்கள். பெரும்பாலும் சரியாகக் காட்டினேன்.

லண்டன் டாக்சி டிரைவர்களைப் பற்றி அங்கேதான் சொன்னார்கள். அந்த ஊரில் லைசென்ஸ் வாங்கச் சுமார் 25,000 தெருக்களை மனதில் ஏற்ற வேண்டும். எலினார் மகுவயர் என்ற அம்மா 2000-இல் அவர்கள் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தாராம். இடங்களை நினைவில் வைக்கிற ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்ததாம். அப்புறம் 2006-இல் பஸ் டிரைவர்களோடும் ஒப்பிட்டிருக்கிறார்கள். தினமும் ஒரே ரூட்டில் போகிறவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை.

அன்றிலிருந்து ஒன்று கவனிக்கிறேன். சிவாஜிநகர், பிரேசர் டவுன் சந்தெல்லாம் போன் வருவதற்கு முன்னால் படித்தவை. கண்ணை மூடினாலும் தெரியும். ஒயிட்பீல்டு பக்கம் எத்தனை சவாரி போயிருப்பேன்! மேப் இல்லாவிட்டால் அங்கே இன்னும் தடுமாற்றம்தான். இப்போது வெறும் வண்டியாகத் திரும்பும்போது போனை அணைத்துவிட்டு வருகிறேன்.

ஜெயநகர் அக்கா:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஹெட்போனில் 15 சொற்கள் வந்தன: தலையணை, போர்வை, பாய், கொட்டாவி, கனவு, குறட்டை, தாலாட்டு... இப்படி. பிறகு ஒரு பட்டியலைக் கொடுத்து, கேட்ட சொற்களைக் குறிக்கச் சொன்னார்கள். ‘தூக்கம்’ என்ற சொல்லை முதலில் குறித்தேன். அந்தக் குரல் அதைச் சொன்ன விதம்கூடக் காதில் இருந்தது. பதிவைத் திரும்பப் போட்டார்கள். அதில் தூக்கம் இல்லவே இல்லை.

டீஸ் என்பவர் 1959-இல் தொடங்கி வைத்து, ரோடிகர், மெக்டெர்மட் இருவரும் 1995-இல் வளர்த்தெடுத்த சோதனை இது என்றார்கள். தொடர்புள்ள சொற்களை எல்லாம் கேட்டதும், நடுவில் இருக்க வேண்டிய சொல்லை மனதே உண்டாக்கிவிடுகிறது. நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களுக்கும் நடக்குமாம்.

வெளியே வந்து ஒரு மரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கம்மலை யாருக்குக் கொடுப்பதாக அம்மா சொன்னார் என்ற தகராறில் எனக்கும் என் அக்காவுக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. அம்மா சொன்னதை என் காதால் கேட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். கம்மல் பேச்சை எடுக்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்டேன்.

சிவாஜிநகர் ஆட்டோ:

அல்சூர் அக்கா, அம்மாவை இப்போ தனியா விடுறீங்களா?

அல்சூர்க்காரி:

விடுகிறோம். சித்தி வீடு ஸ்ரீராமபுரத்தில், மெட்ரோவில் போக வேண்டும். முன்பு எத்தனை முறை லெஃப்ட் ரைட் சொல்லியும் பிடிபடாத வழியை இப்போது ஒரே வரியில் சொன்னேன்: ‘மெஜஸ்டிக் வரைக்கும் மேக்க, அங்க வண்டி மாறி வடக்க ரெண்டாவது ஸ்டேஷன்.’ முதல் தடவை மகள் கூடப் போனாள், இரண்டாவது தடவை தேவைப்படவில்லை. போன சனிக்கிழமை சாயங்காலம் தானாகத் திரும்பி வந்தார், கையில் இரண்டு கட்டு அரைக்கீரையோடு.