பொறுக்கிய விறகை ஏற்றிவர எந்த வண்டி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

தொடங்கியவர்

மூன்று வருடமாக வீட்டு அடுப்புக்கு விறகு விலைக்கு வாங்குவதில்லை. காற்றில் சாய்ந்த மரம், வீடு கட்ட இடம் வேண்டுமென்று வெட்டித் தள்ளிய மரம், தோப்பில் கழித்துப் போட்ட கிளை, இப்படி எது கிடந்தாலும் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டு எடுத்து வந்துவிடுவேன். இதுவரை எல்லாவற்றையும் சுமந்தது என் சின்ன கார்தான். பின் சீட்டை மடக்கி, பழைய தார்ப்பாயை விரித்து அடுக்கிக்கொண்டு வருவேன்.

போன மாதம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. ஒரு வீட்டில் பெரிய மரத்தை அறுத்து உருளை உருளையாகப் போட்டிருந்தார்கள். "சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு இடத்தைச் சுத்தம் பண்ணணும்" என்றார் வீட்டுக்காரர். பதினோரு உருளை ஏற்றினேன். கண்ணாடி மட்டத்துக்குக் கீழேதான் இருந்தது. மேலே இன்னும் இடம் இருந்ததால் இன்னும் ஏற்றலாம் என்றுகூடத் தோன்றியது.

கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. ஸ்டீயரிங் பிடியில்லாமல் லேசாகச் சுற்றியது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் வண்டி நான் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. இருட்டிய பிறகு எதிரே வந்த எல்லோரும் விளக்கை அடித்துக் காட்டினார்கள். பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கியிருந்ததால் என் விளக்கு வெளிச்சம் அவர்கள் கண்ணில் அடித்திருக்கிறது. வீடு வந்து பார்த்தால் பின் டயர் மேல்மூடியில் உரசி, உள்ளே கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது.

மறுநாள் எடை பார்க்கும் மெஷினை வாசலில் வைத்து ஒரு உருளையைத் தூக்கி வைத்தேன். குறுக்கே 40 செ.மீ., நீளம் 40 செ.மீ., எடை 48 கிலோ. பதினொன்றும் ஏறக்குறைய அதே அளவு. அப்படியென்றால் 500 கிலோவுக்கு மேல், என் எடை வேறு. வண்டிக் கையேட்டை அன்றைக்குத்தான் முதல்முறை சரியாகப் படித்தேன். மொத்த அனுமதி எடையில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் வருவது 430 கிலோ. அதற்குள் ஓட்டுகிறவரும் அடக்கம்.

மனைவியையும் குழந்தையையும் உட்கார வைக்கிற வண்டியில் இனி இதைச் செய்ய மாட்டேன். வேறு வண்டி பார்க்கிறேன். பிக்கப்பா, மினி லாரியா, காருக்குப் பின்னால் டிரெய்லரா? விளம்பரத்தில் இருப்பது எனக்கு வேண்டாம். நீங்கள் ஓட்டிப் பார்த்ததைச் சொல்லுங்கள்.

டிரெய்லர் வைத்திருப்பவர்

காரை மாற்ற வேண்டாம், டிரெய்லர் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. ஆறு வருடமாக அப்படித்தான் இழுக்கிறேன். தளம் தாழ்வாக இருக்கிறது, மண்ணும் மரத்தூளும் பூச்சியும் கார் உள்ளே வருவதில்லை. பச்சை மரத்தைக் காருக்குள் ஏற்றினால் கண்ணாடி முழுக்க உள்பக்கம் ஆவி படியும், பார்த்திருப்பீர்கள். அந்தத் தொல்லையும் இல்லை.

ஆனால் டிரெய்லரில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைவிட எங்கே ஏற்றுகிறோம் என்பது முக்கியம். முதல் வருடம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பெரிய உருளைகளை முன்னால் வரை தள்ளிப்போகச் சோம்பல்பட்டு, பின்கதவு ஓரமாகவே வைத்தேன். மிலாறையும் சிறு கிளையையும் முன்னால் போட்டேன். 70 கி.மீ. வேகம் வந்ததும் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கியது. முதலில் லேசாக, அடுத்த சில நொடியில் காரின் பின்பக்கத்தையே இடமும் வலமும் இழுத்தது. பிரேக்கை அழுத்தாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேகம் குறைந்ததும் ஆட்டம் அடங்கியது. ஓரமாக நிறுத்தி இறங்கியபோது கை நடுக்கம் நிற்க வெகுநேரமானது.

அதிலிருந்து கனமான கட்டை எல்லாம் அச்சுக்கு மேலேயும் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயும்தான். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அது குறைந்தால் ஆட்டம் வரும். அளவு மீறினால் காரின் பின்பக்கம் அமுங்கும், உங்கள் விளக்குப் பிரச்சினை திரும்ப வரும். கார் எவ்வளவு இழுக்கலாம், கொக்கி எவ்வளவு தாங்கும் என்ற இரண்டும் கையேட்டில் தனித்தனியாக இருக்கும். இரண்டில் எதையும் மீறக் கூடாது. இழுக்கும் எடையில் டிரெய்லரின் சொந்த எடையும் சேரும்.

குறை என்று சொன்னால் குறுகிய பாதை. உள்ளே போய்விட்டு ரிவர்ஸ் எடுத்து வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். காலி மைதானத்தில் இரண்டு நாள் பழகிவிட்டுப் போங்கள்.

மினி லாரி ஓட்டுகிறவர்

அண்ணா, எல்லாரும் வண்டியோட பலத்தைப் பத்திப் பேசுறாங்க. தூக்குறவங்க முதுகைப் பத்தி யாரும் பேசலை. நானும் என் தங்கச்சியும் ரெண்டே பேர்தான் விறகு ஏத்துவோம். அதனால இதை நான் சொல்லியே ஆகணும்.

முதல்ல எங்ககிட்ட இருந்தது ஒரு பெரிய பிக்கப். நாலு வீலும் இழுக்கும், சேத்துல நிக்காது, பார்க்கவும் கம்பீரம். ஆனா அதோட பக்கத் தகடு என் நெஞ்சு உயரம். பின்கதவைத் திறந்தாலும் தளம் இடுப்புக்கு மேல. ஒவ்வொரு கட்டையும் அந்த உயரம் தூக்கி, அப்புறம் உள்ள ஏறி முன்னால தள்ளணும். ஒரு கட்டைக்கு ரெண்டு வேலை. ஒரு லோடு முடிஞ்சதும் ரெண்டு நாள் குனிய முடியாது.

இப்ப இருக்கிறது சின்ன மினி லாரி. மூணு பக்கமும் தகடு கீழே மடங்கும். அது மடங்கிட்டா தளம் ஒரு மேசை மாதிரி. எந்தப் பக்கம் மரம் கிடக்குதோ அந்தப் பக்கமா ஏத்தலாம், இறக்கும்போது அப்படியே உருட்டி விடலாம். ஜப்பான்ல 'கேய்' வகைன்னு சொல்ற குட்டி லாரிங்க இந்த மாதிரிதான். 660 சிசி இன்ஜின், சட்டப்படி 350 கிலோதான் ஏத்தலாம். கேட்க ரொம்பக் கம்மியாத் தெரியும். நம்ம ரெண்டு பேர் ஒரு நாள்ல நிஜமா எவ்வளவு தூக்கி எவ்வளவு பிளக்கப் போறோம்னு யோசிச்சா அது போதும்.

பெரிய உருளைக்கு நாங்க பலகை வெச்சிருக்கோம். ரெண்டரை மீட்டர் நீளம், நல்ல தடிமன். தளம் அறுபது, எழுபது செ.மீ. உயரம்னா, அந்தப் பலகை மேல உருட்டும்போது எடையில நாலுல ஒரு பங்கைத்தான் நாம தள்ளுறோம். 48 கிலோ உருளை 12, 13 கிலோ மாதிரி ஆயிடும். ஒரு எச்சரிக்கை மட்டும். ஈரமான பட்டை பாதியில உரிஞ்சு வழுக்கும். ஒருத்தர் உருட்டினா இன்னொருத்தர் முட்டுக்கட்டையைக் கையில வெச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்கணும், பலகைக்கு நேர் கீழே நிக்கவே கூடாது. தங்கச்சியோட பாதம் ஒரு தடவை நூலிழைல தப்பிச்சுது. அன்னைக்கு அதுக்கு மேல ஏத்தாம வீட்டுக்கு வந்துட்டோம்.

பழைய கை

தம்பி, நீங்கள் எல்லோரும் தண்ணீரைச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள்.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராக இருக்கலாம். அப்படிப்பட்ட 100 கிலோவில் மரம் 50, தண்ணீர் 50. எரிப்பதற்கு ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். அந்த நிலையில் அதே விறகு 62 கிலோ சொச்சம்தான் இருக்கும். மீதி 37 கிலோவை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவதே காற்றில் விடுவதற்குத்தான். அதற்காகவா பெரிய வண்டி?

எடுக்கும் இடத்துக்காரர் மனசு வைத்தால் நான் அங்கேயே பிளந்து, கீழே இரண்டு கழி போட்டு மண்ணில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடிவிட்டு வந்துவிடுவேன். பக்கவாட்டில் காற்றுப் போக வேண்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் போனால் விறகு பிளவு விட்டு, தட்டினால் கணீரென்று கேட்கும். அப்போது ஒரே நாள் ஒரு பிக்கப்பை வாடகைக்குப் பிடித்து மொத்தமும் கொண்டு வந்துவிடுவேன். வருடத்தில் இரண்டு நாள் வேலைக்கு வண்டி வாங்கி, மிச்ச நாளெல்லாம் அதைப் பராமரிக்கும் பாரத்தை ஏன் ஏற்க வேண்டும்? எத்தனை நடை போகிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

அடுக்கைப் பிரிக்கும்போது கையுறை போட்டு, கடப்பாரையால் மேல்வரிசையைப் புரட்டிவிட்டு எடுங்கள். பாம்பும் தேளும் குடியிருக்கும் இடம் அது. இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். வண்டி பெரிதானால் தூரமும் பெரிதாகும். வெகு தொலைவிலிருந்து விறகு கொண்டுவருவது நல்லதல்ல. பட்டைக்கடியில் வண்டுப் புழுவும் சேர்ந்து பயணம் செய்யும். ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகதத் துளைப்பான் வண்டை அமெரிக்காவின் மிச்சிகனில் 2002இல் கண்டுபிடித்தார்கள். பிறகு அது ஊர் ஊராகப் பரவியதில் மனிதர்கள் ஏற்றிப்போன விறகுக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்தில் கிடப்பதைப் பக்கத்திலேயே எரியுங்கள்.

இன்னொருவர்

நான் பெரும்பாலும் சரக்கை அடுக்கி அனுப்பும் மரத் தட்டுகளான பேலட்டுகளைத்தான் எடுக்கிறேன். என் பிரச்சினை உங்களுக்கு நேர்மாறு: எடை இல்லை, இடம்தான் அடைக்கும். காருக்குள் ஒன்றுகூட நுழையாது. அதனால் எனக்குத் தட்டையான தளம்தான் சரி, பட்டை போட்டு இறுக்கிக் கட்டினால் போதும். எரிப்பதாக இருந்தால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதைத் தொடவே வேண்டாம். ஆணி கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தளத்திலிருந்து உதிர்ந்த ஒரே ஆணி என் ஸ்டெப்னியையும் சேர்த்து இரண்டு டயரை ஒரே வாரத்தில் காலி செய்தது.

தொடங்கியவர்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன்.

ஐயா சொன்னபடி முதலில் எண்ணிப் பார்த்தேன். போன வருடம் பதினான்கு நடை போயிருக்கிறேன். அதில் ஒன்பது முறை "இன்றைக்கே எடுத்துவிடுங்கள்" என்ற இடம், அங்கேயே வைத்து உலர்த்த வழியில்லை. வாடகை வண்டிக்குக் காத்திருந்தால் மரம் வேறு ஆள் கைக்குப் போய்விடும். ஆகவே சொந்தமாக ஒன்று வேண்டும். டிரெய்லர் யோசனை பிடித்திருந்தது. ஆனால் என் வீட்டுக்கு வரும் பாதையில் அதை ரிவர்ஸ் எடுப்பது நடக்காத காரியம்.

டேப்பை எடுத்துக்கொண்டு நான்கு பழைய வண்டிகளைப் பார்த்தேன். மினி லாரி ஓட்டும் தங்கை எழுதியதைப் படித்திராவிட்டால் தளத்தின் உயரத்தை அளந்திருக்கவே மாட்டேன். ஒரு பிக்கப் தளம் 85 செ.மீ., ஒரு மினி லாரித் தளம் 66. கையால் ஒரு கட்டையைத் தூக்கி வைத்துப் பார்த்தபோது அந்த 19 செ.மீ. வித்தியாசத்தைத் தோள்பட்டை சொல்லிவிட்டது.

வண்டிக்குக் கீழே படுத்தும் பார்த்தேன். இதைப் பழைய வண்டி வாங்கும் எல்லோரும் செய்ய வேண்டும். ஒரு வண்டியில் வெளியே பளபளவென்று புதுப் பெயின்ட். கீழே கமான் பட்டையில் (பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடு) ஒன்று விரிசல் விட்டிருந்தது, தளத் தகட்டின் அடியில் விரலால் அழுத்தினால் துரு செதில் செதிலாகக் கொட்டியது. ஈரமான சரக்கை ஏற்றிவிட்டுக் கழுவாமல் விட்டிருக்கிறார்கள். விற்பவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் எடுத்தது மூன்று பக்கமும் திறக்கிற மினி லாரி. கையேட்டில் 700 கிலோ என்று இருக்கிறது. நான் 550க்கு மேல் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்து, எடுக்கும் மரத்துக்கு ஏற்ப உருளைக்கணக்கு எழுதி கேபினுக்குள் ஒட்டியிருக்கிறேன். குறுக்கே 40 செ.மீ. உருளை என்றால் பதினொன்று, 30 செ.மீ. என்றால் இருபது. அகலம் முக்கால் பங்கானால் எடை பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். டயர் காற்றும் லோடு இருக்கும்போது வேறு, காலியாக இருக்கும்போது வேறு. அந்த இரண்டு எண்ணையும் கதவோரத்தில் ஒட்டியிருந்த அட்டையிலிருந்து எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் லோடு போனோம். ஒரு பள்ளி மதிலோரம் சாய்ந்த வேம்பு. பலகை போட்டு, நான் உருட்ட, மனைவி முட்டுக்கட்டையோடு பக்கவாட்டில் நின்றாள். கனமானவற்றைக் கேபினை ஒட்டிக் கீழே வைத்து, சிறியவற்றை மேலே போட்டு, தார்ப்பாய் மூடி, இரண்டு பட்டை இறுக்கினேன். கொஞ்ச தூரம் போய் நிறுத்திப் பார்த்தால் கட்டைகள் இறங்கி அமர்ந்து பட்டை தளர்ந்திருந்தது. மறுபடி இறுக்கினேன். அதே இறக்கம் வந்தது. பிரேக்கை அழுத்தினேன், நினைத்த இடத்தில் வண்டி நின்றது. பின்னாலேயே குழந்தையோடு வந்த என் தம்பியின் கார் விளக்கு கண்ணாடியில் நேராகத் தெரிந்தது. இன்னும் ஆறு உருளை அந்த மதிலோரம் கிடக்கிறது. புதன்கிழமை போய் எடுக்க வேண்டும்.