பூனையும் மூன்று வயதுப் பையனும் இருக்கும் வீட்டில் பூச்சி மருந்து அடிக்கலாமா?

தண்டையார்பேட்டை மாடி:
பழைய வீடு, மாடி போர்ஷன். கீழே அரிசிக் கடை. ராத்திரி சமையலறையில் விளக்கைப் போட்டால் கரப்பான்கள் சிதறி ஓடுகின்றன. பரணில் எலி குடும்பம் நடத்துகிறது. பையனுக்கு மூன்று வயது, தரையில் எது கிடந்தாலும் வாய்க்குத்தான் போகும். ஜிலேபி என்று ஒரு பூனையும் உண்டு (எலி வந்தால் ஒதுங்கி வழிவிடும் ரகம்). வீட்டு ஓனர் ஞாயிற்றுக்கிழமை மருந்து அடிக்க ஆள் வரச் சொல்லிவிட்டார். "வாசனையே வராது, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது" என்கிறாராம் அந்த ஆள். சம்மதிக்கலாமா?

ராயபுரம் மேரி:
வேண்டவே வேண்டாம். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் நடந்தது அதற்குள் மறந்துவிட்டதா? காசு கொடுத்துக் கூப்பிட்ட ஆட்கள்தான் வீட்டில் எலி மருந்து வைத்தார்கள். ஏசி போட்டுப் படுத்த குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள். எங்கள் வீட்டில் கற்பூரம், வேப்பெண்ணெய், மாவும் சர்க்கரையும் போரிக் பவுடரும் சேர்த்துப் பிசைந்த உருண்டை, அவ்வளவுதான். அம்மா காலத்திலிருந்து அதுதான்.

வியாசர்பாடி ஸ்பிரே:
பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதனால் என் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேரி அக்கா, குன்றத்தூரை நினைத்தால் எனக்கும் வயிறு கலங்கும். ஆனால் மூச்சு வழியாகப் போகிற மருந்தையும், தின்றால் மட்டும் வேலை செய்கிற மருந்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயுவை விடும். அதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. அது தானியக் குடோனுக்கான சரக்கு, ஆள் குடியிருக்கிற வீட்டுக்குள் கொண்டு வரவே கூடாது. கரப்பானுக்கு வைக்கிற ஜெல் வேறு சமாச்சாரம். அதில் இருக்கிற மருந்து ஃபிப்ரோனில் 0.05 சதவீதம், இல்லையென்றால் இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம். கதவுக் கீல், சிங்க்குக்கு அடிப்பக்கம், ஃபிரிட்ஜ் மோட்டார் ஓரம் என்று பையன் கை போகாத இடுக்குகளில் கடுகளவு புள்ளி வைப்போம். வீட்டை நனைக்கிற வேலையே இல்லை.

அப்புறம் உங்கள் "இயற்கை" மருந்து. கற்பூரத்தைச் சின்னக் குழந்தை கடித்துத் தின்றால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். போரிக் பவுடரும் விஷம்தான். அதைச் சர்க்கரை போட்டு உருட்டித் தரையில் வைக்கிறீர்கள். மூன்று வயதுப் பையன் அதை என்னவென்று நினைப்பான்?

ராயபுரம் மேரி:
உருண்டை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற ஆள் உங்களை மாதிரி கடுகளவு புள்ளி வைப்பார் என்று யார் சொன்னது? அவர் "அடிக்க" வருகிறார். அடித்துவிட்டு "நான்கு மணி நேரம் கழித்து வாங்க" என்பார். நமக்குச் செருப்பு இருக்கிறது. பிள்ளை அதே தரையில் விளையாடிவிட்டுக் கையைச் சூப்பும். பூனை தரையில் புரண்டுவிட்டு உடம்பை நக்கும்.

கொளத்தூர் மீன்தொட்டி:
செல்லப் பிராணி என்றால் எல்லோரும் நாய், பூனையோடு நின்றுவிடுகிறீர்கள். போன வருடம் எங்கள் வீட்டில் ஹாலில் ஸ்பிரே அடித்தார்கள். தொட்டியை யாரும் மூடவில்லை, ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் முப்பது கப்பி மீனும் மல்லாந்து மிதந்தன. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர் போன கொளத்தூரில் இருந்துகொண்டு இதை வெளியே சொல்வது எனக்கே வெட்கம். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரத்ராய்டு மருந்துகள் மனுஷனுக்கு ஓரளவு தாங்கும், மீனுக்குக் கொஞ்சம் பட்டாலே முடிந்தது. அறைக் காற்றைத் தண்ணீருக்குள் தள்ளுவதே அந்தப் பம்ப்தான். பம்ப்பை நிறுத்தி, தொட்டியை பிளாஸ்டிக் ஷீட்டால் முழுதாக மூடிவிட்டுத்தான் அடிக்க விட வேண்டும். முடிந்தால் அன்றைக்குத் தொட்டியையே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள்.

ஜிலேபிக்கும் ஒரு எச்சரிக்கை. நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குப் போதாது. நடுக்கம், வலிப்பு என்று போய்விடும்.

பெரம்பூர் நாய்க்காரன்:
ஸ்பிரே அண்ணே, "தின்றால் மட்டும்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் நாய் தின்றது. எலிக்கு வைத்த நீலக் கேக்கைப் படிக்கட்டுக்கு அடியில் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். மூன்று நாள் நாய் நன்றாகத்தான் இருந்தது. நான்காம் நாள் ஈறில் ரத்தம், கால் வீக்கம். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து? பில்லில் "எலி மருந்து 1" என்று இருந்தது. ஆளுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. கேக் அட்டையைக் குப்பையில் கிளறித் தேடிய பிறகுதான் புரோமாடியோலோன் என்று தெரிந்தது. ரத்தம் உறையவிடாமல் செய்கிற மருந்து. அதற்கு வைட்டமின் கே1 இருக்கிறது, வாரக்கணக்கில் கொடுத்துப் பிழைக்க வைத்தோம். இதே மருந்தைத் தின்ற எலியைப் பூனை பிடித்துத் தின்றாலும் ஆபத்துதான்.

வியாசர்பாடி ஸ்பிரே:
கேக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் போட்டது தப்பு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். தொழிலில் இன்னொரு அசிங்கமும் இருக்கிறது: குறைந்த ரேட்டுக்கு வருகிறவர்களில் சிலர் மருந்தை மூடிக் கணக்கில், கண் மதிப்பாகக் கலக்குகிறார்கள். அதனால் ஆள் வந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லைசன்ஸ் இருக்கிறதா? மருந்து டப்பாவை நான் பார்க்கலாமா? லேபிளில் ஒரு முக்கோண நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். டைக்ளோர்வாஸ் என்று சொன்னாலும் அப்படியே. அது 2020 கடைசியோடு நாடு முழுக்கத் தடை.

ராயபுரம் மேரி:
டியூபில் வருகிற எலி பேஸ்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி. மஞ்சள் பாஸ்பரஸ். முதல் நாள் வாந்தி, அப்புறம் தெளிந்துவிட்ட மாதிரி இருக்கும், பிறகு மஞ்சள் காமாலை, கல்லீரலே போய்விடும். எங்கள் தெருவில் ஒன்று பார்த்தாயிற்று. பிள்ளை எதையாவது வாயில் வைத்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஜெல்லுக்கு வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். ஸ்பிரேவுக்கு மாட்டேன்.

வியாசர்பாடி ஸ்பிரே:
வீடு முழுக்கக் கரப்பான் மண்டிக் கிடந்தால் ஜெல் மட்டும் போதாது, அக்கா. கரப்பானால் ஆஸ்துமா வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஈரம் முழுக்கக் காய்ந்து, ஜன்னல் திறந்து காற்றோட்டம் விட்டு, பிள்ளை நடமாடும் தரையைத் துடைத்த பிறகு போகலாம்.

ராயபுரம் மேரி:
துடைக்கப் போகிற தரையில் எதற்கு அடிக்கிறீர்கள்?

வியாசர்பாடி ஸ்பிரே:
அடிப்பது சுவர் ஓரத்திலும் இடுக்கிலும். நடுத்தரையில் அடிக்கிறவனை நானே வேண்டாம் என்கிறேன்.

தண்டையார்பேட்டை மாடி:
ஓனரிடமிருந்து நம்பர் வாங்கி அந்த ஆளுக்கே போன் செய்தேன். மருந்து பேரைக் கேட்டதற்கு "கம்பெனி மருந்து சார்" என்றார். எந்தக் கம்பெனி என்றேன். "நல்ல கம்பெனி" என்றார். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓனர் கோபத்தில் இருக்கிறார். கரப்பானுக்கு ஜெல் மட்டும் வைப்பதாக முடிவு. எலிக்கு மரப்பொறியில் தேங்காய்ச் சில்லு, கதவடியில் தகரம், குழாய் ஓட்டையில் சிமெண்ட். கீழே அரிசிக் கடைக்காரரிடமும் பேசினேன். "எலி உங்க மாடியிலிருந்துதான் சார் இறங்குது" என்கிறார்.

ராயபுரம் மேரி:
சந்தோஷம். பொறியில் விழுந்த எலியை ராயபுரம் பக்கம் கொண்டுவந்து விட்டுவிடாதீர்கள்.