மரியானா அழும்போது கதவு திறக்காது

1991 கடைசியில் நான் மாஸ்கோவில் இரண்டாம் வருஷ மருத்துவ மாணவன். டிசம்பர் 25 அன்று சோவியத் ஜனாதிபதி கொர்பச்சேவ் டிவியில் வந்து பதவி விலகினார், ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், போன வாரம் வாங்கிய சாமானை இந்த வாரம் தொட முடியவில்லை. எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் அந்தக் குளிர்காலம் என்றதும் எனக்கு முதலில் மண்டைக்குள் ஓடுவது ஒரு மெக்சிகோ சீரியலின் பாட்டுதான், என்ன செய்ய.

'லோஸ் ரிக்கோஸ் தம்பியென் யோரான்'. பணக்காரர்களும் அழுவார்கள் என்று அர்த்தம். மெக்சிகோவில் தெலெவிசா டிவி 1979-80ல் ஒளிபரப்பியது, ரஷ்யாவுக்கு வந்து சேர பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. கதாநாயகி மரியானாவாக வெரோனிகா காஸ்த்ரோ, டைட்டில் பாட்டும் அவரே பாடியது. ஸ்பானிஷ் வசனம் அடியில் மெல்லக் கேட்டுக்கொண்டிருக்க அதன் மேலேயே ரஷ்யக் குரல் பேசும், நமக்கு இரண்டும் சரியாகப் புரியாது என்பது வேறு விஷயம்.

கதை தெரியாதவர்களுக்காக: அனாதைப் பெண் மரியானாவுக்குப் பணக்கார சல்வத்தியேரா குடும்பம் அடைக்கலம் கொடுக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை லூயிஸ் அல்பெர்த்தோவோடு காதல், கல்யாணம், அப்புறம் அவன் இவளைச் சந்தேகப்பட்டு விட்டுப் போய்விடுகிறான். புத்தி பேதலித்த ஒரு நாளில், பூங்காவில் லாட்டரிச் சீட்டு விற்கும் சோலே என்பவளிடம் கைக்குழந்தையைக் கொடுத்துவிடுகிறாள். அதன் பிறகு 18 வருஷம் தேடல். பிள்ளை பெத்தோ வளர்ந்து வந்து காதலிப்பது யாரை? அதே வீட்டில் தத்தெடுத்து வளர்த்த மரிசபெல்லை. நம் ஊர்ப் பசங்க நாலு பேரும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம், இதைத்தானே நாம் அரைக்கால் சட்டை காலத்திலிருந்து தியேட்டரில் பார்க்கிறோம் என்று. மூன்றாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் ஹாஸ்டல் வாசலில் ஒரு வாஃத்யோர்ஷா, அதாவது காவல் பாட்டி, இருப்பார். நாங்கள் பாபுஷ்கா என்றுதான் கூப்பிடுவோம். மேஜைமேல் ஒரு சின்ன 'ரெக்கார்ட்' மார்க் டிவி, கறுப்பு வெள்ளை. ஒரு நாள் உருளைக்கிழங்கு வாங்க வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் சீரியல் ஆரம்பித்துவிட்டது. கதவைத் தட்டுகிறேன். கண்ணாடி வழியாக அவர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது, கம்பளித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மோவாயில் கை. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், விரலை உதட்டில் வைத்தார், மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். மீசையில் பனி கட்டிக்கொண்டது, பையில் இருந்த கிழங்கு கல்லாகிவிட்டது என்று நினைக்கிறேன். பாட்டு முடிந்த பிறகு வந்து கதவைத் திறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இவ்வளவு நேரம் எங்கே சுற்றினாய்?" என்று திட்டினார்!

அதற்கு அப்புறம் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அவருக்குச் சர்க்கரைக்கோ பாலுக்கோ வரிசையில் நிற்க வேண்டிய நாளில் நான் பார்த்து வைத்துக் கதை சொல்ல வேண்டும். என் ரஷ்யத்தில். வேற்றுமை உருபு ஒவ்வொன்றும் தப்பும் தவறுமாக வரும், அவர் கதையை நிறுத்தி, திருத்தி, திரும்பச் சொல்ல வைத்து, அப்புறம்தான் "சரி, அவன் என்ன சொன்னான்?" என்பார். வகுப்பு வாத்தியாரிடம் கற்றதைவிட இங்கே கற்றதுதான் அதிகம். அதனால் ஒரு சிக்கலும் வந்தது, மூன்றாம் வருஷம் வார்டில் முதல் தடவை தனியாக ஒரு நோயாளியிடம் எப்போதிலிருந்து வலி என்று கேட்பதற்குப் பதில், "எவ்வளவு காலமாக இந்த வேதனையைச் சுமக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அரைமணி நேரம் விடாமல் சொன்னார், வயிற்றுவலியிலிருந்து மருமகள் வரை.

பாபுஷ்காவுக்கு மரியானாமேல் பரிதாபம் உண்டு, மரியாதை கிடையாது. சோலேதான் மனுஷி என்பார். "அழுகிறவளுக்கு வீடு இருக்கிறது. சீட்டு விற்று ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டாளே, அவளுக்காக யார் அழுதார்கள்?" 1992ல் வெரோனிகா காஸ்த்ரோ மாஸ்கோவுக்கே வந்தார், பெரிய வரவேற்பு. டிவியில் அவர் சிரித்ததைப் பார்த்துவிட்டு எங்கள் பாட்டி, "இது வேறு யாரோ" என்று சொல்லிவிட்டார்.

—

டாக்டர் அண்ணே, படிச்சதும் எனக்கு மணிலா ஞாபகம் வந்துட்டுது. நான் தூத்துக்குடிக்காரன், அப்போ கப்பலில் இருந்தேன், 1996. அங்கே 'மரிமார்', அதுவும் மெக்சிகோ சீரியல்தான். கடற்கரைக் குடிசையில் தாத்தா பாட்டியோடு வளர்ந்த பெண், பண்ணை வீட்டுக்கு மருமகளாப் போய் அவமானப்பட்டு, அப்புறம் தன் நிஜ அப்பா பெரிய பணக்காரர் என்று தெரிந்து வேறு பெயரில் திரும்பி வருவாள். அந்த ஊர் மொழி தகாலோக்கில் டப்பிங். எங்கள் சமையல்காரர் பிலிப்பினோ, ஆறடி ஆள், கையில் பச்சை குத்தினவர். மாமியார்க்காரி கைவளையைச் சேற்றில் போட்டு அதை மரிமார் பல்லால் கவ்வி எடுக்கிற காட்சி ஒன்று உண்டு. மனுஷன் கரண்டியைக் கீழே போட்டுட்டு மெஸ்ஸை விட்டே வெளியே போயிட்டார், அன்றைக்குச் சோறு அடிப்பிடிச்சது. அந்த வருஷம் மரிமாரா நடிச்ச தாலியா மணிலாவுக்கு வந்தபோது ஊரே திரண்டுது. அந்த சீரியலில் நாய் பேசும், அதையும் நம்பிப் பார்த்தோம். அது சரி, கடைசி எபிசோடு பாட்டி பார்த்தாங்களா?

—

பார்த்தார் தம்பி. அன்றைக்கு நானும் பக்கத்தில் முக்காலியில். லூயிஸ் அல்பெர்த்தோ துப்பாக்கியைப் பெத்தோ பக்கம் நீட்டுகிறான், மரியானா வாயைத் திறந்து அவன் உன் பிள்ளை என்று சொல்ல வேண்டும், 18 வருஷ ரகசியம், சரியாக அந்த நேரத்தில் வாசலில் யாரோ தட்டினார்கள். வங்காளத்துப் பையன் ஒருவன், இரண்டு கையிலும் பை.

பாபுஷ்கா எழுந்திருக்கவில்லை. நானும்தான்.