பில் அனுப்பினவர் லிஸ்டில் சேர்ந்தவரா? மேலூர்க்காரருக்குப் பதில்

வைகைக்கரை (இரவு 9.12)
நேற்று மேலூர்க்காரர் இங்கே எழுதியது இது: "அஃபிலியேட் லிங்க்கில் வாங்கினவரிடம் பில்லை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். பதிலுக்கு ஜாக்கெட் கட்டிங் பிடிஎஃப் கொடுங்கள். பில் வந்த நிமிஷமே அவர் உங்கள் மெயில் லிஸ்டில் சேர்ந்துவிட்டார், தனியாகச் சம்மதம் கேட்க வேண்டாம்." இதற்கு முப்பது பேர் கைதட்டியிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது.

ஏழு வருஷமாகத் தையல் மெஷின் வீடியோ போட்டு, அஃபிலியேட் லிங்க் கொடுத்து, அதில் யாராவது வாங்கினால் கமிஷன் வாங்குகிறவன் நான். நம் லிங்க்கில் யார் வாங்கினார் என்பது நமக்குத் தெரியாது. எத்தனை உருப்படி போனது, கமிஷன் எவ்வளவு, அதுதான் ரிப்போர்ட்டில் வரும். பெயர், மெயில், முகவரி எல்லாம் விற்கிற கடைக்குத்தான். அதனால் நமக்கென்று ஒரு பட்டியல் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. லிங்க்குக்கு முன்னால் ஒரு பக்கம் வையுங்கள். என்ன அனுப்புவேன், மாதம் எத்தனை தடவை அனுப்புவேன் என்று சொல்லுங்கள். பிடித்தவர் மெயிலைக் கொடுக்கட்டும். பில் அனுப்பினவர் பிடிஎஃப் கேட்டார். லிஸ்டில் சேர்க்கச் சொல்லவில்லை.

மேலூர்க்காரன் (9.31)
அண்ணே, என் பெயரைத் தலைப்பிலேயே போட்டாச்சா, சந்தோஷம்.

லிங்க்குக்கு முன்னால் பக்கம் வைத்தால் வாங்க வந்தவன் பாதியிலேயே திரும்பிவிடுவான். இலவசம் என்றால் வீட்டில் ஊசிகூட இல்லாதவனும் மெயிலைக் கொடுத்துவிட்டுப் போவான். அந்தக் கூட்டத்தை வைத்து என்ன செய்ய? என் லிஸ்டில் 340 பேர். 340 பேரும் காசு கொடுத்து மெஷின் வாங்கினவர்கள். அவர்கள் கையாலேயே பில்லை அனுப்பினார்கள். நான் யார் வீட்டுக் கதவையும் உடைக்கவில்லை. அது சம்மதம் இல்லாமல் வேறென்ன?

வைகைக்கரை (9.34)
பிடிஎஃப் கேட்டது.

சிம்மக்கல்_சுங்கடி (9.50)
வைகைக்கரை அண்ணன் சொல்வதுதான் சரி. போன வருஷம் ஒருத்தர் லிங்க்கில் அயர்ன் பாக்ஸ் வாங்கி, அவர் கேட்டார் என்று பில்லை அனுப்பினேன். அப்புறம் மூன்று வாரம் தினமும் மெயில். முடி எண்ணெய், லோன் ஆப், பங்குச்சந்தை வகுப்பு. விலகுவதற்கு வழியே இல்லை. ஸ்பாம் என்று அழுத்திவிட்டேன். ஜிமெயில் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதி தெரியுமா? ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர் ஒரே க்ளிக்கில் விலகுகிற வசதி வைத்தே ஆகவேண்டும்.

மேலூர்க்காரன் (9.58)
அக்கா, நான் 340 பேருக்கு அனுப்புகிறேன். 5,000 எங்கே, 340 எங்கே. எனக்கு அது பொருந்தாது.

வைகைக்கரை (10.06)
தம்பி பாதியைத்தான் படித்திருக்கிறார். 5,000 கணக்கு அந்த ஒரே க்ளிக் வசதிக்கு. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்று ஜிமெயில் சொல்வது எல்லோருக்கும்தான். 340 பேரில் இரண்டே பேர் அழுத்தினால் தாண்டிவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் ஆசையாகக் கேட்டு வாங்கின ஆளுக்கும் உங்கள் மெயில் ஸ்பாமில்தான் போய் விழும்.

இன்னொன்று. லிங்க்கில் வாங்கினால் பரிசு தருகிறேன் என்று ஆசை காட்டக்கூடாது என்பது அமேசான் அஃபிலியேட் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. உங்கள் பிடிஎஃப் அதில் சேராதா?

மேலூர்க்காரன் (10.11)
என்னுடையது அமேசான் இல்லை. மெஷின் கம்பெனியின் நேரடித் திட்டம். தெரியாமல் பேசக்கூடாது அண்ணே. பில் அவர்களே அனுப்பியது.

ஆனையூர்_கணக்கர் (10.20)
சட்டத்தை யாரும் தொடவில்லையே. 2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 7வது பிரிவில், ஒருவர் தானாக முன்வந்து கொடுத்த தகவலை, எதற்காகக் கொடுத்தாரோ அதற்குப் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. அங்கே உதாரணமே மருந்துக்கடை பில்தான். பணம் கட்டினதற்கு ரசீது போனில் வேண்டும் என்று கேட்டு நம்பர் கொடுக்கிறார், கடைக்காரர் ரசீது அனுப்பலாம்.

மேலூர்க்காரன் (10.23)
பார்த்தீர்களா! தானாக முன்வந்து கொடுத்தது. சட்டமே சொல்லிவிட்டது.

வைகைக்கரை (10.25)
எதற்காகக் கொடுத்தாரோ அதற்கு! அந்த வார்த்தை கண்ணில் படவில்லையா? ரசீதுக்குக் கொடுத்த நம்பரில் ரசீதுதான். பிடிஎஃப்புக்கு அனுப்பின பில்லுக்குப் பிடிஎஃப்தான்.

மேலூர்க்காரன் (10.27)
அது மருந்துக்கடை. நான் விற்பது மெஷின்.

புதூர்ப்_பையன் (10.40)
நம்ம ஊரில் மெயிலை யார் அண்ணே திறக்கிறார்கள்? வாட்ஸ்அப் போதும்.

வைகைக்கரை (10.58)
வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதுவும் உங்கள் நம்பரைப் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். அடுத்தவன் இடத்தில் கூரை போட்டால் என்ன ஆகும் என்பதை 2020 ஜூன் 29இல் பார்த்தோமே. டிக்டாக்கைத் தடை செய்த அன்று எத்தனை பேருடைய ஃபாலோயர் ஒரே ராத்திரியில் போனது. மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றது யார் என்று மேலூர்க்காரரிடமே கேளுங்கள்.

பட்டியல் வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். எப்படிச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னேன், அதை மறந்துவிட்டார். போன மாதம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மெயில் போட்டார். எந்த மாடல் என்று காட்டுவதற்காகப் பில்லையும் சேர்த்து அனுப்பியிருந்தார். கதவு எண், போன் நம்பர், "மாரியம்மன் கோவில் பின்புறம்" வரை அதில் இருந்தது. "துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்குது, மெஷினைத் திருப்பி அனுப்பிடவா?" என்று கேட்டார். "அடி நூல் சுற்றின பாபினைத் தொடாதீர்கள். துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டை மேலே தூக்கி வைத்துவிட்டு மேல் நூலை முதலிலிருந்து கோர்த்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருந்தால் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்கு நடுவில் நூல் உட்காராது" என்று எழுதினேன். அரைமணி நேரத்தில் தைத்த துணியைப் படம் எடுத்து அனுப்பினார். அதற்கப்புறம்தான் கேட்டேன்: "இந்த மாதிரிக் குறிப்பு மாதம் இரண்டு அனுப்புகிறேன், சில சமயம் என் கமிஷன் லிங்க்கும் இருக்கும், வேண்டுமென்றால் இதைத் தட்டுங்கள்." தட்டினார். சம்மதம் என்றால் அது.

மேலூர்க்காரன் (11.03)
ஆக, நீங்களும் பில் வாங்குகிறீர்கள்! இவ்வளவு நேரம் எங்களுக்கு உபதேசம். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள், அண்ணனிடமும் பில் இருக்கிறது.

வைகைக்கரை (11.05)
நான் கேட்கவில்லை. அவராக அனுப்பினார். பில் வந்ததை யார் தப்பு என்றார்கள்? பில் வந்ததும் சேர்ப்பதைத்தான் சொல்கிறேன்.

மேலூர்க்காரன் (11.14)
"அவராக அனுப்பினார்." நானும் அதைத்தானே ராத்திரி பூராவும் சொல்கிறேன்!

வாசலில் வந்து நின்றேன் என்று ஊருக்கே சொன்னீர்களே, அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் உங்கள் வீடியோவுக்கு எடிட்டிங் செய்து கொடுத்ததையும் சொல்லுங்கள். ஒரு பைசா வாங்கினேனா? ஒரு வீடியோவிலாவது என் பெயர் உண்டா?

வைகைக்கரை (11.22)
பெயரா? நீங்கள் பரிசாகக் கொடுக்கிற பிடிஎஃப்பில் 36 சைஸ் ஜாக்கெட் படம் இருக்கிறதே, அது என் அத்தை கையால் போட்டது. கைக்குழி வளைவுக்குப் பக்கத்தில் மஞ்சள் கறைகூட அப்படியே ஸ்கேனில் இருக்கிறது. அத்தை அடுப்படியில் உட்கார்ந்து வரைந்த தாள் அது. என்னிடம் எடுத்ததைக் கொடுத்து 340 பேரின் பில்லை வாங்கியிருக்கிறீர்கள்.

சிம்மக்கல்_சுங்கடி (11.27)
அது மட்டுமா? அவர் தீபாவளி மெயிலில் "மதுரைச் சுங்கடி" என்று ஒரு லிங்க் போட்டிருந்தார். பார்த்தாலே தெரிந்தது, ஸ்க்ரீன் பிரிண்ட். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றினால் புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. 2005இல் புவிசார் குறியீடு வாங்கின பெயரை இப்படியா விற்பது?

புதூர்ப்_பையன் (11.30)
அக்கா, பிரிண்ட் போட்டதையும் கடையில் சுங்கடி என்றுதான் விற்கிறார்கள். எங்கள் அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்.

சிம்மக்கல்_சுங்கடி (11.32)
அம்மாவுக்குப் பிடிக்கட்டும் தம்பி. பிரிண்ட் என்று சொல்லி விற்கட்டும். முடிச்சுப் போட்டுப் போட்டு விரல் காய்த்துப்போன வீட்டிலிருந்து எழுதுகிறேன், என்னிடம் வந்து இதைப் பேசாதீர்கள்.

மேலூர்க்காரன் (11.41)
சேலைக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்? கைக்குழி வளைவு எல்லாத் தையல்காரரும் போடுகிற வளைவு. உங்கள் அத்தை கண்டுபிடித்ததா?

வைகைக்கரை (11.44)
கறையும் எல்லாத் தையல்காரரும் போடுகிறதா?

ஆனையூர்_கணக்கர் (11.49)
சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கே சுலபமாக இருக்கவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. மேலூர்த் தம்பி அதற்கு என்ன வழி வைத்திருக்கிறார் என்று இன்னும் சொல்லவில்லை.

மேலூர்க்காரன் (11.52)
வேண்டாம் என்று பதில் போட்டால் எடுத்துவிடுவேன். இதுவரை ஒருத்தர் போடவில்லை.

வைகைக்கரை (11.59)
பதில் போடமாட்டார்கள். ஸ்பாமை அழுத்திவிட்டுப் போவார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒன்று செய்யுங்கள். நாளைக்கே 340 பேருக்கும் ஒரே ஒரு மெயில் போடுங்கள். "உங்களை லிஸ்டில் வைத்திருக்கிறேன், இருக்கவா, எடுக்கவா?" என்று கேளுங்கள். எத்தனை பேர் இருக்கச் சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள். அத்தை படத்தையும் எடுத்துவிடுங்கள்.

மேலூர்க்காரன் (12.08)
நாளைக்கு ஓவர்லாக் மெஷின் ஆஃபர் இருக்கிறது. அந்த மெயில்தான் போகும், 340 பேருக்கும். பில்லை அவர்களேதான் அனுப்பினார்கள்.

வைகைக்கரை (12.09)
பிடிஎஃப்புக்கு.