அயாம்பிக் பென்டாமீட்டர்: 'ஏறுசீர் நெடிலடி' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஆங்கிலக் கவிதையில் லேசாக ஓர் எழுத்து, அழுத்தி ஓர் எழுத்து என்று வரும் சோடி அயாம்பு. அது ஐந்து முறை வரும் வரி அயாம்பிக் பென்டாமீட்டர். இதில் பென்டாமீட்டரை 'ஐந்தடி யாப்பு' என்று பெயர்த்திருப்பதைப் பார்த்தேன். முதல் வேலையாக அந்த 'அடி'யை எடுத்துவிடலாம். ஆங்கிலத்தில் 'ஃபுட்' என்பது வரியின் ஒரு துண்டு. நம் கணக்கில் அது சீர். நமக்கு அடி என்றால் முழு வரி. ஐந்தடி என்று எழுதினால் யாப்பு தெரிந்தவர் ஐந்து வரிப் பாட்டு என்றுதான் நினைப்பார். ஐந்து சீர் கொண்ட ஒரு வரிக்குப் புதுச்சொல்லே வேண்டாம், நெடிலடி இருக்கிறது. மூன்று சீர் சிந்தடி, நான்கு அளவடி, ஆறு வந்தால் கழிநெடிலடி. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

'அயாம்பிக்'தான் படுத்துகிறது. நம் யாப்பில் அசைகள் சேர்ந்து சீர். தனிக் குறிலோ நெடிலோ வந்தால் நேரசை, இரண்டு குறிலோ குறிலும் நெடிலுமோ இணைந்தால் நிரையசை; பின்னால் ஒற்று வந்தாலும் அப்படியே. நேரை அடுத்து நிரை வரும் சீருக்குக் கூவிளம் என்று பெயர். லேசை அடுத்துக் கனம் வரும் அயாம்பையும் 'கூவிளச்சீர்' என்றே வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். எனக்கு ஒப்பவில்லை ஐயா. நேர் லேசானது, நிரை கனமானது என்று நம் இலக்கணம் சொல்லவே இல்லை. 'ஆ' நேர், 'வேல்' நேர். இரண்டு குறில் வரும் 'வெறி' நிரை, 'சுறா'வும் நிரை. அயாம்பில் இருப்பதோ, ஒற்றெழுத்தை (புள்ளி வைத்த மெய்யை) நீக்கி எண்ணினால், இரண்டே எழுத்து. கூவிளத்தில் மூன்று. மொழியியலில், ஓர் உயிரைச் சுற்றி ஒலிக்கும் துண்டான சிலபிளையும் 'அசை' என்றே எழுதுவதால்தான் இத்தனை குழப்பமும்.

பழைய கிரேக்கத்தில் அயாம்பு என்றால் குறிலை அடுத்து நெடில். அதாவது 'சுறா', 'பலா', 'நிலா'. அவர்களுக்கு முழுச் சீராக இருப்பது நமக்கு ஒரே அசையில் அடங்கிவிடுகிறது. வடமொழியில் இதுவே லகு (குறுகியது), குரு (நீண்டது). சிவதாண்டவ ஸ்தோத்திரத்தை வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: ஒவ்வொரு பாதத்திலும் பதினாறு எழுத்து, லகுவும் குருவும் மாறி மாறி வரும்.

அப்படியானால் 'குறில்நெடில் சீர்' போதாதா? கிரேக்கத்துக்குப் போதும், ஆங்கிலத்துக்குப் போதாது. ஆங்கிலம் ஒலிக்கும் நேர அளவை விட்டுவிட்டு அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டது. 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லானால் முதல் பாதியில் அழுத்தம், வினைச்சொல்லானால் இரண்டாம் பாதியில். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. அதனால் நம் காது அதைக் கவனிப்பதில்லை.

அளவு, அழுத்தம் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஏற்றம். ஆகவே என் பரிந்துரை 'ஏறுசீர்'. அதைத் திருப்பிப் போட்ட ட்ரோக்கிக்கு 'இறங்குசீர்'. 'டாக்டர்', 'டீச்சர்' எல்லாம் ஆங்கில உச்சரிப்பில் இறங்குசீர். லேசு, லேசு, கனம் என்று வரும் அனபெஸ்டும் ஏறுவதுதான், ஆனால் மூன்று எழுத்து. அதை 'மூவெழுத்து ஏறுசீர்' எனலாம். அதைத் திருப்பிப் போட்ட டாக்டில் 'மூவெழுத்து இறங்குசீர்'. கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. ஏறு என்றால் காளையும்தானே என்று யாராவது கேட்பீர்கள். உறுத்தினால் 'ஏற்றச்சீர்' என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சண்டையில்லை.

ஆக, அயாம்பிக் பென்டாமீட்டர் ஏறுசீர் நெடிலடி. அப்புறம், 'பிளாங்க் வெர்ஸ்' என்பதைப் புதுக்கவிதை என்று எழுதியிருப்பதையும் திருத்த வேண்டும். அதில் வரி முடிவில் ஒலி ஒத்துவரும் இயைபுதான் கிடையாது, யாப்பு கறாராக உண்டு. 'இயைபிலா நெடிலடி' என்றால் விஷயம் விளங்கிவிடும். 1891இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்ட சுந்தரம் பிள்ளை ஆங்கில நாடகங்களின் போக்கில் எழுதியபோதும் யாப்பைக் கைவிடவில்லை, மரபுப் பாவகையான ஆசிரியப்பாவைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஏறுசீர் காதில் விழவே மாட்டேன் என்கிறது என்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லிக்காட்டுவது இது:

டமால் படார் சடார் தடால் குபீர்

குறிலும் நெடிலுமாக ஐந்து ஏற்றம், ஒற்று நீக்கிப் பத்து எழுத்து. கிரேக்கக் கணக்கில் பழுதில்லாத ஏறுசீர் நெடிலடி. நம் கணக்கில் ஒவ்வொன்றும் ஓரசைச்சீர், அதற்கு இலக்கணம் தரும் மாதிரிச் சொல், அதாவது வாய்பாடு, 'மலர்'. பாத்திரம் உருண்ட சத்தத்துக்கு மலர் என்று பெயர் வந்ததற்கு நான் பொறுப்பல்ல.